அலட்டிக்காத ஆளு

இரண்டாவது சரணத்தின் நடுவில் முதல் நாற்காலி பறந்தது. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அது மேடைக்கு முன்னால் தாம்பூலப் பைகள் அடுக்கியிருந்த மேசையில் வந்து விழ, தேங்காய்கள் நாலாபக்கமும் உருண்டோடின. வசுந்தராவுக்குக் குரல் நின்றுவிட்டது. மைக் கையில் இருக்கிறது, வாய் திறந்திருக்கிறது, பாட்டு வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மேடையேறிப் பாடுகிறவள். குடிகாரன் கத்துவதும் பாதியில் கரண்ட் போவதும் அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இது கீழக்குயில்குடி போகிற வழியில் ஒரு மண்டபம், பட்டப்பகல், ஒரு பெண்குழந்தைக்குக் காது குத்துகிற விழா. சாம்பாரும் பாயசமும் மணக்கிற நேரத்தில் இவ்வளவு ஆத்திரம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எப்போதும் செய்வதைச் செய்தாள். இடது பக்கம் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

சாய்பிரசாத் பேஸ் கிடாரோடு நின்றுகொண்டிருந்தான். நாலு தடித்த கம்பிகள், அடிவயிற்றில் போய் உட்காருகிற சத்தம். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு வாத்தியம் இருப்பதே தெரியாது. அன்றைக்கும் அவன் நின்ற நிற்பு என்றைக்குமான நிற்புதான். முகவாய் கொஞ்சம் மேலே, இமை பாதி இறங்கியிருக்கும், ஒரு முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். தாளத்துக்குத் தலையாட்ட மாட்டான், காலைத் தட்ட மாட்டான், வியர்வையைத் துடைக்க மாட்டான். இரண்டாவது நாற்காலி அவன் தோளை உரசிக்கொண்டு போனது. அவன் திரும்பக்கூட இல்லை. வசுந்தராவைப் பார்த்து முகவாயை ஒரு தடவை அசைத்தான். பாடு என்று அர்த்தம். அவள் பாடினாள்.

அது குழுவின் சட்டம். கீபோர்டு வாசிக்கும் வெங்கடேஷ்பாபுதான் குழுவுக்குத் தலைவர், சட்டம் போட்டவரும் அவர்தான். "சண்ட வந்தா சவுண்ட ஏத்து. பாட்டு நின்னுச்சுன்னா அடுத்து ஒடையிறது நம்ம பாக்ஸுதான்" என்பார். ஸ்பீக்கர் பெட்டிகளைப் பெற்ற பிள்ளையைப் போல வளர்ப்பவர். பல ஊர்த் திருவிழாக்களில் அந்தச் சட்டம் பலித்திருக்கிறது. சண்டைக்காரர்கள் பாட்டைக் கேட்டு ஆடத் தொடங்கி, ஆடிக் களைத்து வீட்டுக்குப் போன கதைகள் அவரிடம் நிறைய உண்டு. அன்றைக்கும் சவுண்டை ஏற்றினார். ரிதம் பேட் பையன்கள் அடியைக் கூட்டினார்கள். மண்டபத்தின் தகரக் கூரை அதிர்ந்தது.

சண்டை ஒரு மடிக்காக. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். குழந்தையின் அம்மாவோடு கூடப் பிறந்த தம்பி சூரியபிரகாஷ். கல்லூரியை முடித்து ஓசூரில் வேலை பார்க்கிறவன். அவர்களுடைய பெரியப்பா மகன் முத்துப்பாண்டி. தம்பி சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் அந்தப் பெண்ணின் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் அண்ணன் முறையில் முன்னால் நின்றவன் முத்துப்பாண்டிதான். அதனால் மடி தன்னுடையது என்று இருந்துவிட்டான். கொட்டுமேளத்தோடு சீர் கொண்டுவந்து இறங்கினால், வாசலில் நின்ற பெரிய பேனரில் சூரியபிரகாஷ் ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். முத்துப்பாண்டியின் படம் கடைசி வரிசையில், அதுவும் என்றைக்கோ எடுத்த பாஸ்போர்ட் போட்டோ. இது போதாதா? வெளியாளுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். மதுரைப் பக்கத்துக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள்.

இதெல்லாம் வசுந்தரா பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் அவள் புருஷனின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பாடினாள். அவன் கண் ஒரே ஒரு தடவை கீழே போனது. மேடையின் விளிம்புக்குக் கீழே, அவளுக்குத் தெரியாத ஓர் இடத்துக்கு. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மேலே வந்தது. விரல் ஒரு கம்பியைக்கூடத் தப்பவில்லை. பாட்டு முடிந்து கடைசித் தட்டு விழுந்து ஓய்ந்த பிறகுதான் கீழே ஒரு பொம்பளை கத்துகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் கத்த ஆரம்பித்த சத்தமாக அது இல்லை. தொண்டை கிழிந்து முடிந்துபோயிருந்தது. சூரியபிரகாஷின் அம்மா சோணையம்மாள் மேடையை ஒட்டி உட்கார்ந்து மகனின் கழுத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. பட்டுச்சேலை முந்தானையை உருட்டி அழுத்தினாள், பட்டு ரத்தத்தை உறிஞ்சவில்லை. பந்திக்கூடம் சுவருக்கு அந்தப் பக்கம்தான். அங்கே அவளுடைய மருமகன், மருமகனின் கூட்டாளிகள், பத்து இருபது இளவட்டங்கள் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காதிலும் எதுவும் விழவில்லை. பாட்டுதான் விழுந்தது.

வேன் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனது. கோச்சடையில் வீட்டுக்குள் நுழைந்ததும் சாய்பிரசாத் நேராகக் குளியலறைக்குப் போனான். ரொம்ப நேரம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவன் வெளியே வந்த பிறகு வசுந்தரா உள்ளே போனாள். வாளியில் அவனுடைய கறுப்புப் பேன்ட் முங்கியிருந்தது. அதைத் தூக்கியதும் மூத்திர வாடை முகத்தில் அடித்தது. அவள் கொஞ்ச நேரம் அதைக் கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு சோப்புத்தூள் போட்டு இரண்டு தரம் அலசி, பிழிந்து, மொட்டைமாடியில் வேறு துணிகளுக்கு நடுவில் காயப்போட்டாள். அவன் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. மகள் காவ்யஸ்ரீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அப்பா ஏன் படுத்துருக்காரு?" என்றபோது, "வெயிலு" என்றாள். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டுக்குள் அவர்கள் பேச்செல்லாம் அவர்கள் பாஷையில்தான். ஆனால் அன்றைக்கு அந்த ஒரு சொல் ஏனோ அவளுக்குத் தமிழில் வந்தது.

வீடியோ மறுநாளே ஊரைச் சுற்றிவிட்டது. மண்டபத்தில் யாரோ மேடையின் பக்கவாட்டிலிருந்து போனில் எடுத்தது. கத்தியும் தெரியாது, சூரியபிரகாஷும் தெரியமாட்டான். தெரிவதெல்லாம் பறக்கிற நாற்காலிகள், ஓடுகிற ஜனம், நடுவில் முகவாயை உயர்த்திக்கொண்டு பேஸ் வாசிக்கிற ஒருத்தன். கண் ஒரு தடவை கீழே போய் மேலே வருகிற இடத்தை எவனோ வெட்டி, மெதுவாக ஓடவிட்டு, பின்னால் வேறு இசை போட்டிருந்தான். அவ்வளவுதான். அலட்டிக்காத ஆளு என்று பேர் வந்துவிட்டது. ஒரு பையனின் கழுத்து அறுந்த நேரம் அது என்று தெரிந்தவர்களும் பார்த்தார்கள், தெரியாதவர்களும் பார்த்தார்கள், இரண்டு பேரும் கீழே நெருப்பு எமோஜியைத்தான் போட்டார்கள். கல்லூரி விழாக்களிலிருந்து வெங்கடேஷ்பாபுவுக்குப் போன் வந்தது. "பாட்டு எதுவா இருந்தாலும் பரவால்லண்ணே, அந்த பேஸ் அண்ணன் வரணும்" என்றார்கள். வசுந்தராவின் குரல்தான் அந்த வீடியோ முழுக்க ஓடுகிறது. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதாததில் அவளுக்கு நிம்மதி.

அவளும் ஒரு காலத்தில் அந்த முகத்தில் விழுந்தவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கச்சேரியில் தலைக்கு மேலே விளக்கு வெடித்துத் தீப்பொறி கொட்ட, எல்லாரும் மேடையை விட்டுக் குதித்தார்கள். இவன் மட்டும் வாசித்துக்கொண்டே நின்றான். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். இப்படி ஒருத்தன் பக்கத்தில் இருந்தால் எதற்கும் பயப்பட வேண்டாம் என்று நினைத்தாள், பாவம். கல்யாணமான புதிதில் குக்கர் வெடித்துச் சோறு கூரையில் ஒட்டியது. அவள் அலறிக்கொண்டு ஓடினாள். அவன் அடுப்புக்கு இரண்டடி தள்ளி, தம்ளர் கையிலிருக்க, அப்படியே நின்றான். கையைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டாள். அவள் மாமனார் சந்தானம், அவள் வருவதற்கு முன்பே செத்துப்போனவர், சாயப்பட்டறை மேஸ்திரி. பிள்ளைகளை நனைந்த நூல் கயிற்றால் அடிப்பார். அழுதால் இன்னும் ரெண்டு. ஓடினால் கட்டி வைத்து. முகத்தைச் சுளித்தால், "எங்கிட்டயே மூஞ்சியக் காட்டுறியா?" என்று முகத்திலேயே. அசையாமல் நின்ற பிள்ளையிடம் மட்டும் அவருக்குச் சீக்கிரம் அலுத்துவிடும். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து மேடையில் நிற்கிறான். ஊர் அதைப் பார்த்துத்தான் கைதட்டுகிறது.

போலீஸ் விசாரிக்க வந்தபோது, "நான் கீழ பெடலைப் பாத்தேன் சார். வேற எதையும் பாக்கல" என்றான். கால் பக்கம் கிடக்கிற பெடல் பெட்டியைத்தான் சொன்னான். எழுதிக்கொண்டு போனார்கள். வசுந்தரா அடுப்படியில் நின்று கேட்டாள். பொய் என்று தெரிந்தது. மகள் சைக்கிளில் தனியாகப் பள்ளிக்கூடம் போகிறவள் என்பதும் தெரியும். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுக் குழம்பைக் கிளறினாள்.

சூரியபிரகாஷின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு சோணையம்மாள் வந்தாள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. போனில் அந்த வீடியோவை வைத்திருந்தாள். எத்தனை தடவை பார்த்தாளோ, திரை முழுக்க விரல் தடம். கண் கீழே போகிற இடத்தில் நிறுத்தி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இங்கிட்டுதான் எம்மவன் கெடந்தான். நீ பாத்துருக்க. மூணு பேரு சுத்தி நின்னானுக, அறுத்தவன் எவன்னு எனக்குத் தெரியல. கண்ணுல ரத்தந்தான் தெரிஞ்சுச்சு. நீ மேல இருந்து பாத்துருக்க. சொல்லு."

அவன் நின்றான். முகவாய் மேலே, இமை பாதி கீழே.

"நான் கத்துனேன். நிப்பாட்டுங்கடான்னு கத்துனேன். ஒங்க பாட்டுல ஒருத்தனுக்கும் கேக்கல. நீங்க நிப்பாட்டியிருந்தா எம் மருமகன் ஓடியாந்துருப்பான். ஒத்த நிமிசம் நிப்பாட்டியிருந்தா." அவள் குரல் ஏறவேயில்லை. பிறகு அடித்தாள். முதல் அடி கன்னத்தில். அவன் அசையாததைப் பார்த்து அவளுக்கு வெறி வந்துவிட்டது. கையிலிருந்த போனாலேயே நெஞ்சிலும் தோளிலும் அடித்தாள், உதடு கிழிந்தது, சட்டைப் பொத்தான் தெறித்தது. "கல்லாடா நீ, கல்லா" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். வசுந்தரா பின்னாலிருந்து அவளைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். அந்த உடம்பில் எலும்பைத் தவிர ஒன்றுமில்லை. சோணையம்மாள் போகும்போது அவனைப் பார்க்கவில்லை, வசுந்தராவைத்தான் பார்த்தாள். "நீ நல்லாப் பாடுனத்தா" என்றாள். அதற்குப் பதில் அவளையும் நாலு அடி அடித்திருக்கலாம்.

சில நாள் கழித்து, கோரிப்பாளையம் சிக்னலில் வசுந்தரா ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தாள். சாய்பிரசாத் பின்னால் உட்கார்ந்திருந்தான், முதுகில் கிடார், இடது கை தொடையில். மத்தியான நெரிசல். இடது பக்கம் ஒரு பைக் ஒட்டி வந்து நின்றது. பின்னால் இருந்தவன் இருபது இருபத்திரண்டு வயசுக்காரன், நெற்றியில் விபூதி, சிரித்த முகம். "அண்ணே, நீங்கதான அது? ஒங்க வெறியன்ண்ணே நான்" என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். வசுந்தரா கண்ணாடியில் பார்த்தாள். இப்போதெல்லாம் இது வாடிக்கை. அவன் கையை விடவில்லை.

"போலீஸு மறுபடி கூப்புடுவாகளாம்ண்ணே. கண்ணு கீழ போகுதுன்னு எவனோ கெளப்பி விட்டுருக்கான். அன்னைக்கு எப்புடி இருந்தீகளோ அப்புடியே இருந்துக்கங்க. அலட்டிக்காம. அம்புட்டுதான்." பேசிக்கொண்டே மோதிர விரலைத் தனியாகப் பிரித்துப் பின்பக்கமாக மடக்கினான். மெதுவாகத்தான் மடக்கினான். அது போகிற தூரம் வரை போய், அதற்கு மேலும் போனது. பச்சைக் குச்சி முறிகிற சத்தம் வசுந்தராவுக்குத் தெளிவாகக் கேட்டது, அத்தனை ஹாரனுக்கு நடுவிலும். மடக்கியவன் சாய்பிரசாத்தின் முகத்தை எட்டிப் பார்த்தான். அவனுக்கே ஆச்சரியம். "மாப்ள, மூஞ்சியப் பார்றா. மனுசன் அசையல" என்று முன்னால் இருந்தவனிடம் சொன்னான். அதில் உண்மையான மரியாதை இருந்தது. பச்சை விழுந்தது. பைக் போய்விட்டது. பின்னால் நின்ற பஸ்காரர், "வண்டிய எடும்மா" என்று கத்தினார். வசுந்தராவால் காலைத் தரையிலிருந்து எடுக்க முடியவில்லை.

கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு, சாய்ந்தர வெளிச்சத்தில், அவன் தானாகப் பேசினான். பதினைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவன் தானாகப் பேசியது குறைவு.

"அந்தம்மா அடிச்சப்ப எப்படி நின்னேன்?"

அவள் அவன் மடியில் தலையணையை வைத்து, கட்டுப் போட்ட கையைத் தூக்கி அதன் மேல் வைத்தாள்.

"இன்னிக்கு இவன் ஒடிச்சப்ப எப்படி நின்னேன்? நீதான் கண்ணாடியில பாத்தியே."

"ஒரே மாதிரிதான்" என்றாள்.

"பிள்ளையப் பறிகொடுத்தவளுக்கும் அந்த மூஞ்சிதான், கொன்னவன் அனுப்புன ஆளுக்கும் அந்த மூஞ்சிதான்." கட்டுப் போட்ட விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வலிச்சுச்சு வசு. ரெண்டும் வலிச்சுச்சு."

மறுநாள் காலையில் தானே ஸ்டேஷனுக்குப் போய், கழுத்தில் கத்தி வைத்தது முத்துப்பாண்டி, கையைப் பிடித்தவர்கள் மற்ற இரண்டு பேர் என்று சொல்லிவிட்டு வந்தான். வசுந்தரா தடுக்கவில்லை. அன்றிலிருந்து காவ்யஸ்ரீயை அவளே கொண்டுபோய் விட்டு அவளே கூட்டி வந்தாள். தெருமுனையில் தெரியாத பைக் நின்றால் கதவைச் சாத்தினாள். ஒருநாள் வாசலில் அறுத்த கோழித்தலை கிடந்தது. அவள் அதை முறத்தில் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு வாசல் தெளித்தாள். கை நடுங்கியது, வாளி தளும்பியது, அவளுக்கு அவமானமாக இல்லை. பயந்தால் நடுங்கத்தானே செய்யும்.

விரல் சேர்ந்தது, ஆனால் மடங்கவில்லை. கம்பியைத் தொடாமல் விறைத்துக்கொண்டு தனியே நிற்கும். மூன்று விரலால் வாசிக்கப் பழகினான். கூத்தைக் கேளுங்கள், அதுவும் ஸ்டைலாகிவிட்டது. ஒரு கல்லூரி மேடையில் முன்வரிசைப் பையன்கள் மோதிர விரலை மட்டும் நீட்டிக் கையை ஆட்டினார்கள். வசுந்தராவுக்கு மைக்கைத் தூக்கி அவர்கள் மேல் எறியலாம் போலிருந்தது.

வழக்கு விசாரணைக்கு வர ஒன்றரை வருடமாயிற்று. அதற்குள் மற்ற சாட்சிகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் சொந்தம், மேடைப் பக்கம் நின்ற பங்காளிகளே எதையும் பார்க்கவில்லை என்றார்கள். சோணையம்மாளுக்கு அறுத்தவன் முகம் தெரியாது. மிஞ்சியது சாய்பிரசாத் ஒருத்தன். அவன் சொல்லை நம்பினால் உண்டு, நம்பாவிட்டால் மூன்று பேரும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். அரசு வக்கீல் இதை வசுந்தராவிடம் தனியாகச் சொன்னார். "அந்த வீடியோதாம்மா பிரச்சனை. இவ்வளவு கூலா நின்னவரு பாத்தேன்னு சொன்னா யார் நம்புவா? பயந்ததுக்கு ஏதாச்சும் ஒரு அடையாளம் வேணும்." அவளிடம் இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. அது அவளுடைய ரகசியம் இல்லை என்று முழுங்கிவிட்டாள்.

கோர்ட்டு தாழ்வாரத்திலேயே இரண்டு இளம் வக்கீல்கள் அவனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். உள்ளே கடைசி பெஞ்சில் வசுந்தரா உட்கார்ந்தாள். இரண்டு பெஞ்சு முன்னால் சோணையம்மாள். கூண்டுக்குள் மூன்று பேர் வெள்ளைச் சட்டையில் நின்றார்கள். முத்துப்பாண்டி உடம்பு வைத்திருந்தான். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் சாய்பிரசாத் பதில் சொன்னான். எங்கே நின்றான், யார் பிடித்தது, யார் அறுத்தது. மளிகைச் சாமான் சொல்வது போலச் சொன்னான். "நடுவுல நிக்கிறவர்" என்று முத்துப்பாண்டியை அடையாளம் காட்டினான். இமை பாதி இறங்கியிருந்தது. நீதிபதி எழுதுவதை நிறுத்தி ஒரு தடவை அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் நம்பிக்கை இல்லை என்பது பெஞ்சிலிருந்த வசுந்தராவுக்கே தெரிந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் கல்யாணராமன் எழுந்தார். வயசானவர், மென்மையான குரல், சட்டைப்பையில் வெற்றிலைப்பெட்டி. "நானும் சங்கீத ரசிகன்தான்" என்று சிரித்தபடி ஆரம்பித்து, வீடியோவைப் பெரிய திரையில் போடச் சொன்னார். நாற்காலிகள் பறந்தன. கோர்ட்டுக்குள் வசுந்தராவின் குரல் ஒலித்தது. சோணையம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணு கீழ போறதே, எதைப் பார்த்தேள்?"

"முத்துப்பாண்டியை. கையில கத்தி இருந்துச்சு."

"முதல்ல போலீஸ்ல பெடலைப் பார்த்தேன்னு சொல்லியிருக்கேள்."

"சொன்னேன். பயம்."

"பயம்." அந்தச் சொல்லை வாயில் போட்டுச் சுவைத்தார். வீடியோவை மறுபடி ஓடவிட்டு முகம் பெரிதாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தினார். "ஐயா, இந்த முகத்தைப் பாருங்கோ. ஊரே இவரை அலட்டிக்காத ஆளுன்னு கொண்டாடறது. இவர் கண்ணு முன்னால ஒரு பையன் கழுத்து அறுபடறதாம், விரல் ஒரு இடத்துல தப்பலை, கண் இமை துடிக்கலை. கொலையைப் பார்த்த மனுஷனால இப்படி நிக்க முடியுமா? பார்க்கலை. அதனாலதான் நிக்கறார். பின்னாடி யாரோ சொல்லிக்குடுத்து வந்திருக்கார்." சாய்பிரசாத் பக்கம் திரும்பினார். "சார், நீங்க பயந்தேள்ங்கறதுக்கு ஒரே ஒரு அடையாளம் சொல்லுங்கோ. ஒண்ணு போதும்."

சாய்பிரசாத் கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். செல்ஃபி எடுத்த வக்கீல்கள் சுவரோரம் சாய்ந்து ரசித்துக்கொண்டிருந்தார்கள். வசுந்தரா எழுந்து நின்று தானே சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அப்படிச் சொன்னால் அவனை ஊருக்கு நடுவில் துணியை அவிழ்த்து விட்டவள் அவள்தான் என்றாகும். அவன் திரையிலிருந்த தன் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். நீதிபதி, "பதில் சொல்லுங்க" என்றார்.

"பேன்ட்டுலயே ஒண்ணுக்குப் போயிட்டேன் ஐயா."

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை போலிருந்தது. நீதிபதி சத்தமாகச் சொல்லச் சொன்னார். அவன் சத்தமாகச் சொன்னான். "ஒண்ணுக்குப் போயிட்டேன். அந்தப் பையனை அறுக்கறப்ப. ஷூ வரைக்கும் எறங்குச்சு. கறுப்பு பேன்ட், அதனால வீடியோல தெரியாது. நான் தைரியமா நிக்கல ஐயா. எனக்கு நகர முடியாது. சின்ன வயசுலேர்ந்து பயம் வந்தா எனக்கு நகர முடியாது. கை மட்டும் அதுபாட்டுக்கு வாசிக்கும்."

சுவரோரம் ஒருத்தன் சிரித்தான். அது பரவியது. டவாலி வாயைப் பொத்திக்கொண்டார். கூண்டுக்குள் முத்துப்பாண்டியும் பல் தெரியச் சிரித்தான். கல்யாணராமன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி மேசையைத் தட்டினார். சிரிப்பு அடங்கிய பிறகு, பேனாவை எடுத்துக்கொண்டே, "அறுத்தது யாருன்னு இன்னொரு தடவை கையை நீட்டிக் காட்டுங்க" என்றார்.

அவன் வலது கையைத் தூக்கினான். கை நடுங்கியது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு, பிறகு தோள் வரை. சாட்சிக்கூண்டின் மரச்சட்டம் கடகடவென்று ஆடியது. வசுந்தரா அவன் உடம்பு நடுங்கி ஒருநாளும் பார்த்ததில்லை. வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டாள். நீட்டிய சுட்டுவிரல் ஓரிடத்தில் நிற்காமல் மூன்று பேர் மேலும் போய்ப் போய் வந்தது, இவனா, அவனா, நடுவில் இருப்பவனா என்று. சோணையம்மாள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். சாய்பிரசாத் இடது கையால் தன் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்தான். தோள் குலுங்கியது, பல் கடகடத்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. விரல் மட்டும் முத்துப்பாண்டிக்கு நேரே வந்து நின்றது. முத்துப்பாண்டி சிரிப்பதை நிறுத்தி, அந்த விரலையே பார்த்துக்கொண்டு, ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.